தலைமைப் போட்டி: தாமல்செருவும் புள்ளலூரும் சொல்லும் பாடம்

(புத்தலப்பட்டுக் கிளை ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல் குவாரியிலிருந்தும், செங்கல் சூளையிலிருந்தும், மாங்கூழ்த் தொழிற்சாலையிலிருந்தும், திருப்பதி ஓட்டல்களிலிருந்தும் வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவோம்.

சங்கத் தேர்தல் நெருங்குகிறது. "சித்தூர் கோஷ்டி", "திருப்பதி கோஷ்டி" என்று இரண்டு பெயர்கள் டீக்கடைகளிலே உலவுகின்றன. "இவர் கெட்டிக்காரரா, அவர் கெட்டிக்காரரா?" என்பதே பேச்சாக இருக்கிறது. இவர் தோற்றால் தனிச் சங்கம் என்கிறார் ஒருவர். அவர் தோற்றால் சந்தா கட்டமாட்டோம் என்கிறார் இன்னொருவர். அந்த இருவரின் தகுதியைப் பற்றி இன்று நாம் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. நாம் பேசப் போவது, இந்த மண்ணிலே குதிரை ஏறி வந்து, ஒருவரையொருவர் முந்தப் பார்த்து, மடிந்தும் மடிய வைத்தும் போன தளபதிகளைப் பற்றி. அவர்கள் நமக்காகப் போராடியவர்கள் அல்லர். நவாபு நவாபுக்காக, கம்பெனி கம்பெனிக்காகச் சண்டையிட்டது. ஆனால் அவர்கள் கெட்ட விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது.

பக்கத்து ஊர்க் கணவாய்

இங்கிருந்து பாகாலாவுக்குப் போய், அதையும் தாண்டினால் தாமல்செருவு. மாம்பழ மண்டிக்குப் பெயர் போன ஊர். நம்மில் பலர் பருவ காலத்தில் அங்கே கூடை சுமந்திருக்கிறோம். அந்த ஊரின் கணவாயிலேதான் 1740 மே மாதத்தில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கான் மராட்டியப் படையை எதிர்த்து நின்றார். மராட்டியருக்குத் தலைமை ரகோஜி போன்ஸ்லே. காவல் போட்டிருந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியாகச் சுற்றி வந்து, நவாபின் முதுகுப் பக்கமாக மராட்டியர் பாய்ந்தார்கள். தோஸ்த் அலி களத்திலேயே மாண்டார். அவருடைய மகன் ஒருவரும் உடன் மாண்டார்.

நவாபுக்கு வேறு படை இல்லையா? இருந்தது. மூத்த மகன் சப்தர் அலியிடம் ஒரு படை இருந்தது. திருச்சிராப்பள்ளியிலே மருமகன் சந்தா சாகிபு இன்னொரு படையோடு இருந்தார். 1736ல் நாயக்க ராணி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சிக் கோட்டையைப் பிடித்தவர் அவர். மைத்துனர்கள் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. அடுத்த நவாபு யார் என்ற கேள்வி இருவர் மனத்திலும் இருந்தது. நேரத்துக்கு வந்து தோள் கொடுக்க இருவருமே வரவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். சப்தர் அலி மராட்டியருக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாக ஒப்பந்தம் பேசி நவாபு ஆனார். மைத்துனரின் திருச்சி மேல் மராட்டியர் பாய்வதற்கும் அந்தப் பேச்சிலேயே வழி பிறந்தது. 1741 மார்ச்சில் திருச்சி விழுந்தது. சந்தா சாகிபு சதாராவுக்குக் கைதியாகப் போனார். போட்டியாளன் ஒழிந்தான் என்று சப்தர் அலி நிம்மதியாகத் தூங்கினாரா? 1742ல் வேலூரில், சொந்த உறவினர் முர்தசா அலியின் சூழ்ச்சியால் கொலையுண்டார். சந்தா சாகிபு 1748ல் விடுதலையாகி, பிரெஞ்சுக்காரர் துணையோடு 1749ல் ஆம்பூரில் வென்று, 1752ல் தலை வெட்டப்பட்டு மாண்டார். குடும்பத்துக்குள்ளே பூனைகள் இரண்டு அப்பத்துக்குச் சண்டை போட்டன. அப்பத்தைத் தின்றது கிழக்கிந்தியக் கம்பெனி. 1801ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

புள்ளலூரில் நடந்தது

கம்பெனிக்காரன் மட்டும் இந்த நோய் இல்லாதவனா? அதையும் பார்ப்போம்.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே சில மைலில் புள்ளலூர் என்று ஒரு கிராமம். பல்லவ மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, 1780ல், அதே ஊரில் இன்னொரு போர்.

அந்த ஆண்டு ஜூலையில் மைசூர் ஹைதர் அலி பெரும் படையோடு செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறங்கினார். ஆகஸ்டில் ஆர்க்காட்டை முற்றுகையிட்டார். சென்னைக் கோட்டையில் இருந்த கவுன்சிலோ தங்களுக்குள்ளே வாய்ச்சண்டையில் இருந்தது. கம்பெனிப் படையின் தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ. 1764ல் பக்சார் போரில் வென்று புகழ் பெற்றவர். படைகள் எல்லாம் காஞ்சிபுரத்தில் ஒன்றுசேர வேண்டும் என்றார். மக்லியாட் பிரபு என்ற மற்றொரு தளபதி, அது எதிரியின் வாயருகே கூடுவதாகும், சென்னைக்குப் பக்கத்திலே கூடுவோம் என்றார். மன்றோவின் சொல்லே நின்றது. மக்லியாட் முணுமுணுத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. தம் படைப்பிரிவோடு மன்றோவின் கீழ் புறப்பட்டார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி சுமார் 2,800 பேரோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். ஆகஸ்டு 25ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தார். அன்று ஆற்றைக் கடந்திருக்கலாம். கடக்காமல் கரையில் முகாமிட்டார். இரவில் வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் அங்கேயே கிடந்தார். செப்டம்பர் 6ஆம் தேதி திப்பு சுல்தான் பேரம்பாக்கத்தருகே அவரைத் தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் நகர முடியவில்லை. நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்குச் சொல்லி அனுப்பினார்.

மன்றோ ஏன் போகவில்லை? காஞ்சிபுரம் கோயிலில் சேர்த்து வைத்த அரிசியும் பெரிய பீரங்கிகளும் இருந்தன. அவற்றை விட்டுப் போக மனமில்லை. தாம் போவதற்குப் பதிலாகக் கர்னல் பிளெச்சர் தலைமையில் சுமார் ஆயிரம் பேரை அனுப்பினார். இருந்த படையும் இரண்டாயிற்று. பெய்லியோ, பிளெச்சர் வந்து சேர்ந்த பின் 9ஆம் தேதி இரவு புறப்பட்டு, நடுவழியில் நடையை நிறுத்தி விடியும் வரை காத்திருந்தார். அவர் வருவார் என்று இவரும், இவர் வருவார் என்று அவரும்!

நாம் ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள். ஒற்றை வழிப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் இந்த ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடமாட்டார். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகியிருக்கலாம். இருந்தாலும் மணி அடித்தால் பதில் மணி அடித்தாக வேண்டும். வண்டிக்குள்ளே இருக்கும் ஆயிரம் பேருக்கு இவர்களுடைய பகை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த மணிதான் காஞ்சிபுரத்துக்கும் புள்ளலூருக்கும் நடுவிலே அன்று அடிக்கவில்லை.

செப்டம்பர் 10ஆம் தேதி காலையில் ஹைதரும் திப்புவும் முழுப் படையோடு பெய்லியைச் சூழ்ந்தார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பிளெச்சர் மாண்டார். பெய்லி கைதியாகி, 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டினத்துச் சிறையிலே இறந்தார். மன்றோ கடைசியில் புறப்பட்டார். பாதி வழியில் தோல்விச் செய்தி கேட்டுத் திரும்பினார். எந்தப் பீரங்கிகளைக் காக்க வேண்டும் என்று இருந்தாரோ, அந்தப் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். புள்ளலூர்க் காட்சியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டினத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்ட வைத்தார். இன்றும் அதைப் பார்க்கலாம். பெய்லிக்குக் கல்லறை மண்டபம் இருக்கிறது. அவரோடு செத்த சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டு ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய பெயரை எந்தச் சுவரிலும் தேடிப் பயனில்லை.

சித்தூர் அருகே ஒரு மரணம்

தோல்விக்குப் பிறகாவது புத்தி வந்ததா? வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் வந்தார். 1781ல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஹைதரை வென்றார். நவம்பரில் சித்தூர்க் கோட்டையையும் பிடித்தார். ஆனால் புதிய கவர்னர் மெக்கார்ட்னியோடு அவருக்கு ஓயாத சண்டை. போரை நடத்துவது யார், பணத்தைக் கையாள்வது யார் என்பதே அந்தச் சண்டை. வென்ற களத்தில்கூட எதிரியைத் துரத்திப் போக வண்டி மாடும் அரிசியும் இல்லை.

1782 டிசம்பர் 7ஆம் தேதி, நம் சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டை முகாமிலே ஹைதர் அலி நோயால் இறந்தார். மூத்த மகன் திப்பு தூரத்தில் மலபாரில் இருந்தார். தலைவன் செத்தான் என்று தெரிந்தால் படை கலைந்துவிடும். அந்த நேரத்தில் ஹைதரின் இரண்டாவது மகனைப் பதவியில் ஏற்றிவிடச் சிலர் சூழ்ச்சி செய்யவும் செய்தார்கள். அது வெளிப்பட்டு அவர்கள் சிறைப்பட்டார்கள். கணக்கு வழக்குப் பார்த்த பூர்ணையாவும் கிருஷ்ணராவும் மற்ற அதிகாரிகளும் ஒன்றாய் நின்று, சாவை வெளியே தெரியாமல் மறைத்து, உடலைக் கோலாருக்கு அனுப்பிவிட்டு, திப்பு வரும்வரை சில வாரங்கள் படையைக் கட்டிக் காத்தார்கள். "தலைவன் இல்லை, ஆகவே நானே தலைவன்" என்று அவர்கள் கிளம்பவில்லை. தோழர்களே, குமாஸ்தா என்றால் இளக்காரமாக நினைக்கிறார்கள். கணக்கெழுதிய கைகள் ஒரு ராஜ்யத்தைக் காப்பாற்றிய இடம் இங்கிருந்து கூப்பிடு தூரம்!

எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது? செய்தி சென்னைக்கு எட்டியது. உடனே புறப்படுங்கள் என்றார் கவர்னர் மெக்கார்ட்னி. கூட்டுக்குப் பதில் தளபதியாக இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நம்பவும் மறுத்தார், நகரவும் மறுத்தார். கவர்னர் சொல்லித் தளபதி புறப்படுவதா என்ற கௌரவம். திப்பு வந்து பொறுப்பேற்கும் வரை சென்னைப் படை வந்து தாக்கவில்லை. 1783ல் மெக்கார்ட்னி ஸ்டூவர்ட்டைக் கைது செய்து கப்பலேற்றினார். பகை அதோடும் தீரவில்லை. 1786ல் லண்டனில் இருவரும் துப்பாக்கியால் சுட்டுச் சண்டையிட்டார்கள். போரிலே ஒரு காலை இழந்த ஸ்டூவர்ட் மரத்தில் சாய்ந்து நின்று சுட்டார், மெக்கார்ட்னி காயமடைந்தார். இதை வீரம் என்று எழுதி வைத்தவர்களும் உண்டு!

விலை கொடுத்தவர் யார்?

இந்தக் கௌரவச் சண்டைகள் நீண்டுகொண்டிருந்தபோது ஊர்கள் எரிந்தன. கம்பெனிக்கு உணவு கிடைக்கக் கூடாது என்று ஹைதரின் குதிரைப்படை வயல்களை அழித்தது. மிஞ்சியதைக் கம்பெனிப் படை தின்றது. பஞ்சம் வந்தது. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்காக 1782ல் தொடங்கிய கஞ்சி வார்க்கும் இடமே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. ஸ்டான்லி மருத்துவமனையைச் சென்னையில் பெரியவர்கள் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொல்வது அந்தப் பஞ்சத்தின் ஞாபகம். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போனவர்கள் அவர்கள். நாமும் அப்படிப் போனவர்களே. தளபதி தோற்றால் பதவி போகும், படை வீரன் தோற்றால் உயிர் போகும், பார்த்துக்கொண்டிருந்த குடியானவனுக்கு வீடே போகும்.

இரண்டாம் உலகப் போரில் இரண்டு காட்சிகள்

இது பழங்கதை என்று சொல்ல முடியாது. 1943 ஜூலையில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் சிசிலித் தீவில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி, அமெரிக்கத் தளபதி பேட்டன். இருவரும் பெயர் பெற்றவர்கள். அமெரிக்கருக்கு ஒதுக்கிய சாலையை மாண்ட்கோமரி தமக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். ரோஷம் கொண்ட பேட்டன் முதலில் பலெர்மோவைப் பிடித்து, பிறகு மெசினா நகரத்துக்கு யார் முந்துவது என்று ஓடினார். ஆகஸ்டு 17ஆம் தேதி சில மணி நேர வித்தியாசத்தில் பேட்டன் முந்தினார். ஆனால் பிடிக்க வேண்டிய எதிரி? ஜெர்மானியரும் இத்தாலியருமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் ஆயுதங்களோடு கடலைக் கடந்து தப்பிவிட்டார்கள்! அவர்களோடு இத்தாலி மண்ணிலே மறுபடியும் மோத வேண்டியதாயிற்று. அந்த மோதலில் உயிர் கொடுத்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு.

அதே 1943ல், அதே ஜூலையில், நம்மவர் நடுவே இன்னொரு காட்சி. மலேயாவில் இந்திய தேசிய ராணுவம் முதலில் மோகன்சிங் தலைமையில் அமைந்தது. ஜப்பானியர் உறுதிமொழி தர வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமே. ஆனால் இந்திய சுதந்திர லீக் தலைவர் ராஷ் பிகாரி போஸுக்கும் அவருக்கும் பிணக்கு முற்றி, 1942 டிசம்பரில் மோகன்சிங் கைதானார். ராணுவம் கலைந்தது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். ராஷ் பிகாரி என்ன செய்தார்? 1915லிருந்து ஜப்பானில் அஞ்ஞாதவாசம் இருந்த மூத்தவர் அவர். 1943 ஜூலை 4ஆம் தேதி சிங்கப்பூரிலே, கூடியிருந்தவர் முன்னால், தம்மைவிடப் பதினோரு வயது இளையவரான சுபாஷ் சந்திர போஸிடம் தலைமையைக் கொடுத்துவிட்டு ஆலோசகராக நின்றார். ராணுவம் மறுபடி எழுந்தது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் ஏராளமாகச் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தப் போர் வென்றதா தோற்றதா என்பது வேறு. கலைந்த படையை மறுபடி சேர்த்தது ஒரு மனிதர் நாற்காலியை விட்டு எழுந்ததுதான்.

நம் சங்கத்துக்கு வருவோம்

தோழர்களே! "அப்படியானால் தேர்தலே வேண்டாமா, ஒருவரே ஆயுள் முழுக்க இருக்கலாமா?" என்று கேட்பீர்கள். அப்படி நாம் சொல்லவில்லை. போட்டி இருக்கட்டும். கேள்வி கேட்காத சங்கம் சங்கமே அல்ல, அது சாமியார் மடம். மக்லியாடை நினைத்துக்கொள்ளுங்கள் என்றோமே, அதற்காகத்தான் சொன்னோம். அவர் கருத்தைச் சபையில் சொன்னார். ஏற்கவில்லை. ஆனாலும் படையோடு போனார். கருத்து வேறுபாடு படையைக் கெடுக்காது. உதவி கேட்டு ஆள் வந்த பிறகும், "அவர் முதலில் வரட்டும்" என்று உட்கார்ந்திருப்பதே கெடுக்கும்.

நம் நடுவிலே ஒரு சகோதரி இருக்கிறார். பெயரை மேடையில் சொல்லமாட்டோம். வேலை செய்த இடத்தில் அவருடைய கணவர் விபத்தில் இறந்தார். இழப்பீட்டுக்கு மனு எழுதத் தலைவர்கள் இருவருமே முன்வந்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான். போலீஸ் முதல் தகவல் அறிக்கை ஒருவர் கையில், பிரேதப் பரிசோதனைச் சான்று மற்றவர் கையில். மனுக்கள் இரண்டு போயின. "உங்களில் யார் சங்கம்?" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். இரண்டு கட்டும் அரைகுறை என்று திரும்பி வந்தன. பல மாதம் போயிற்று. வேலை கொடுத்தவன் அதற்குள் இடத்தையே காலி செய்துவிட்டான். அந்தச் சகோதரி இப்போது இரண்டு பிள்ளைகளோடு சூளையில் கல் சுமக்கிறார். தோழர்களே, இதுதான் நம்முடைய புள்ளலூர்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம். விவாதியுங்கள், திருத்துங்கள், பிறகு கையுயர்த்துங்கள்.

ஒன்று: எந்தத் தொழிலாளியின் வழக்கானாலும் ஒரே கட்டு, ஒரே மனு. கட்டு கிளை அலுவலகத்தில் இருக்கும், தனிமனிதர் வீட்டில் இருக்காது. பிரதி ஒன்று சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் இருக்கும்.

இரண்டு: ரசீதுப் புத்தகம் ஒன்றே. வரவுசெலவை மாதம் ஒருமுறை உறுப்பினர் முன் வாசிக்க வேண்டும். வாசிப்பவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

மூன்று: தேர்தலில் தோற்பவர் துணைச் செயலாளராக இருந்து வேலை செய்வதாக இப்போதே, முடிவு தெரிவதற்கு முன்பே, கையெழுத்திட வேண்டும். வெல்பவர் அவருக்கு உண்மையான வேலை கொடுப்பதாகக் கையெழுத்திட வேண்டும்.

நான்கு: விபத்து, கூலி பிடித்தம், கொத்தடிமை, பெண்களிடம் அத்துமீறல், இந்த நான்கிலே எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்டவர் உடனே போக வேண்டும். "எந்தக் கோஷ்டி ஆள்?" என்ற கேள்வி கூடாது.

1944 ஜூனில் பிரான்சுக் கரையில் படை இறங்குவதற்கு முன்பு, தலைமைத் தளபதி ஐசனோவர் ஒரு சிறு சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இறக்கம் தோற்றால் குற்றம் தம்முடையது, படையினர் செய்ய வேண்டியதைச் செய்தார்கள் என்பது அதன் சாரம். மாண்ட்கோமரியையும் பேட்டனையும் போன்ற முரட்டுக் காளைகளை ஒரு வண்டியில் பூட்டியவர் அவர். வெற்றி வந்தால் பிறருக்கு, பழி வந்தால் தமக்கு என்று எழுதி வைக்கத் துணிந்தவர் கையில் கயிறு இருந்ததால் அந்த வண்டி ஓடியது. தேர்தலில் நிற்கும் இரண்டு தோழர்களும் இங்கேயே இருக்கிறார்கள். அப்படி ஒரு சீட்டில் முதலில் கையெழுத்திடுகிறவர் யார் என்று பார்க்கத் தாய்மார்கள் காத்திருக்கிறார்கள்.

யோசனைகள் எழுதிய தாள் மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.